உப்புக்காற்று ஊரில் ஏசி: விண்டோ, ஸ்ப்ளிட், இன்வெர்ட்டர் ஆறேழு கோடைக்குப் பிறகு

சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் ஏசி எத்தனை வருடம் உழைக்கும் என்பதை ஸ்டார் எண்ணிக்கையை விடக் காயிலும் (வெப்பத்தை வாங்கி வெளியேற்றும் குழாய்-தகடு அமைப்பு) பைப் இணைப்பும்தான் தீர்மானிக்கின்றன.

விண்டோ ஏசியில் கேஸ் (குளிரூட்டும் வாயு) ஓடும் பாதை முழுவதும் தொழிற்சாலையிலேயே பற்றவைத்து மூடப்பட்டது. கேஸ் இறங்குவது அபூர்வம். சத்தம் அதிகம், கரண்டும் கூடுதலாக இழுக்கும். பின்பக்கம் லேசாகத் தாழ்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் அறைக்குள் சொட்டும்.

ஸ்ப்ளிட்டில் அறைக்குள் இருக்கும் இன்டோர் பெட்டியையும் வெளியே இருக்கும் அவுட்டோர் பெட்டியையும் இணைக்கும் செம்புக் குழாயின் முனையை விரித்து நட்டு போட்டு முடுக்குகிறார்கள். கேஸ் கசிவது பெரும்பாலும் இங்கேதான். முனையில் பிசிறு இருந்தாலும், நட்டை அளவுமீறி முடுக்கினாலும் முதல் வருடத்திலேயே குளிர்ச்சி போய்விடும். மாட்ட வருபவர் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வாக்குவம் பம்ப் கொண்டுவந்திருக்கிறாரா என்று பாருங்கள். "கொஞ்சம் கேஸ் விட்டுக் காத்தைத் தள்ளிடலாம் சார்" என்றால் சம்மதிக்கவே கூடாது. உள்ளே தங்கும் ஈரம் கம்ப்ரசர் ஆயிலைக் கெடுக்கும். குறைந்தது 15–20 நிமிடம் பம்ப் ஓடட்டும். நிறுத்தியபின் 10 நிமிடம் அழுத்தம் காட்டும் கேஜின் முள் நகராமல் நிற்க வேண்டும்.

"வருஷா வருஷம் கேஸ் போடணும்" என்பது தவறு. கேஸ் எரிந்து தீரும் பொருளல்ல. குறைந்தால் எங்கோ ஓட்டை. நைட்ரஜன் அழுத்தம் கொடுத்து, சோப்பு நுரை தடவி அதைக் கண்டுபிடித்து அடைத்த பிறகே நிரப்ப வேண்டும். ஆர்-32 வகை கேஸ் என்றால் அவுட்டோர் லேபிளில் உள்ள கிராம் கணக்குப்படி எடை போட்டு நிரப்ப வேண்டும்.

இன்வெர்ட்டர் ஏசி (தேவைக்கேற்ப கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது) இரவு முழுக்க ஓடும் அறைக்கு நிச்சயம் லாபம். தினம் ஒரு மணி நேரம் ஓடும் அறையில் கூடுதல் விலை சீக்கிரம் திரும்பாது. இதன் பலவீனம் அவுட்டோரில் உள்ள எலக்ட்ரானிக் போர்டு: வோல்டேஜ் ஏற்ற இறக்கம், எறும்பு, பல்லி எல்லாம் அதற்கு எமன். கம்ப்ரசருக்கு 10 வருட வாரண்டி என்று விளம்பரம் இருக்கும். போர்டுக்கு எத்தனை என்று கேட்டு வாங்குங்கள்.

ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவாவிட்டால் காயிலில் ஐஸ் கட்டக்கூடும். இன்டோரில் தண்ணீர் ஒழுகினால் முதலில் டிரெயின் பைப்பில் பாசி அடைத்திருக்கிறதா பாருங்கள்.

அலுமினியக் காயில் மலிவுதான். ஓட்டை விழுந்தால் ஒட்டித் தர ஆள் கிடைப்பது கடினம். செம்புக் காயிலிலும் தகடுகள் அலுமினியம்தான், உப்பு அவற்றை அரிக்கும். மாதம் ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, அவுட்டோர் காயிலில் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். பிரஷர் பம்ப் வேண்டாம், தகடு மடங்கிவிடும்.