வீட்டில் கட்டிய விமானத்துக்கு எந்த எரிபொருள்: ஏவ்காஸா, எத்தனால் இல்லாத பெட்ரோலா?

என் இரண்டு இருக்கை விமானத்தில் இருப்பது ரோடாக்ஸ் நிறுவனத்தின் 100 குதிரைத்திறன் 912 யூஎல்எஸ் என்ஜின். அதற்கு நான் போடுவது எத்தனால் கலக்காத பிரீமியம் கார் பெட்ரோல். ஏவ்காஸ், அதாவது விமானங்களுக்கென்றே தயாராகி நீல நிறத்தில் வரும் 100 எல்எல் பெட்ரோல், எனக்கு இரண்டாம் தேர்வுதான். வெளியூர் ஓடுதளங்களில் வேறு வழியில்லாதபோதும், விமானம் நீண்ட நாள் நிற்கப் போகிறது என்று தெரியும்போதும் அதைப் போடுவேன். ஏன் இந்த முடிவு, எந்த என்ஜினுக்கு இது பொருந்தாது என்பதைச் சொல்கிறேன். நான் பெட்ரோல் பக்கம் சாய்ந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

முதலில் ஆக்டேன், அதாவது அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் திறனைச் சொல்லும் எண். 80 குதிரைத்திறன் 912 யூஎல் என்ஜினுக்கு ஆர்ஓஎன் என்ற ஆக்டேன் அளவுகோலில் குறைந்தது 90 வேண்டும். அழுத்த விகிதம் கூடிய 912 யூஎல்எஸ்ஸுக்கு 95. சில நாடுகளில் பம்பில் ஏகேஐ என்ற வேறொரு அளவுகோலின் எண்ணைத்தான் எழுதுகிறார்கள். அந்தக் கணக்கில் இவை முறையே 87, 91 என்று வரும். பம்பில் எழுதியிருப்பது எந்த அளவுகோல் என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். இரண்டு எரிபொருளும் இந்த வரம்பைத் தாண்டிவிடும் என்பதால், ஆக்டேனை வைத்து இந்தப் போட்டியை முடிக்க முடியாது. எடையும் அப்படித்தான். பெட்ரோல் லிட்டருக்கு ஓரிரு பத்து கிராம் கூடுதல் கனம், அவ்வளவுதான்.

ஏவ்காஸின் பலங்கள் உண்மையானவை. எந்த ஓடுதளத்தில் நிரப்பினாலும் ஒரே தரம். எத்தனால் இருக்குமோ என்ற சந்தேகமே கிடையாது. பருவத்துக்குப் பருவம் அதன் கலவை மாறாது. மாதக்கணக்கில் டேங்கில் கிடந்தாலும் கெடாது. நீல நிறம் இருப்பதால் வடிகால் குவளையில் பிடித்ததும் அடியில் நிற்கும் தண்ணீர் பளிச்சென்று தெரியும். குழாயிலிருந்து நேரே இறக்கைக்கு ஏற்றலாம், கேனைத் தூக்கிக்கொண்டு ஏணி ஏற வேண்டியதில்லை. இதையெல்லாம் மீறி நான் அதை ஒதுக்குவதற்கு ஒரே காரணம், அதிலுள்ள ஈயம்.

100 எல்எல் என்ற பெயரில் உள்ள கடைசி இரண்டு எழுத்துகள் 'குறைந்த ஈயம்' என்று சொன்னாலும், ஒரு லிட்டரில் 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம் என்பதே அதற்கான வரம்பு. என் என்ஜின் சாதாரண வேகத்தில் மணிக்கு ஏறக்குறைய 18 லிட்டர் குடிக்கும். வரம்பை ஒட்டிய எரிபொருளாக இருந்தால், ஒரு மணி நேரத்தில் 10 கிராம் ஈயம் அதற்குள் போகிறது. 50 மணி நேரத்தில் அரை கிலோ. இதில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாக வெளியேறிவிடும். மீதியைப் பற்றித்தான் என் கவலை.

ஈயம் எரிந்து ஆக்சைடாகி உள்ளே படிந்துவிடாமல் இருக்க, ஏவ்காஸில் எத்திலீன் டைபுரோமைடும் கலந்திருக்கிறது. அது ஈயத்தை ஈய புரோமைடாக மாற்றும். நல்ல சூட்டில் அது ஆவியாகி வெளியே போய்விடும். காற்றில் குளிரும் பெரிய விமான என்ஜின்களை முழு உழைப்பில் ஓட்டும்போது அந்தச் சூடு கிடைக்கிறது. ரோடாக்ஸ் 912-இன் சிலிண்டர் தலைகளைக் குளிர்விப்பது தண்ணீர். அதோடு நம்மைப் போன்றவர்கள் பறக்கும் விதத்தையும் பாருங்கள்: தரையில் நெடுநேரம் மெதுவாக ஓடும் என்ஜின், குட்டிக் குட்டிப் பயணங்கள், அடிக்கடி குறைந்த வேகம். ஈயம் முழுக்க ஆவியாவதற்கு இது தோதான வாழ்க்கை இல்லை. ஒரு பங்கு பிளக்கில் ஒட்டுகிறது. ஒரு பங்கு பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலுக்குள் இறங்குகிறது.

மற்ற என்ஜின்களுக்கும் இதற்கும் முக்கியமான வித்தியாசம் இந்த ஆயிலில்தான் இருக்கிறது. 912-இல் என்ஜினுக்கும் புரொப்பெல்லரைச் சுழற்றும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில்தான், மொத்தமே 3 லிட்டர் அளவு. என்ஜின் நிமிடத்துக்கு 5,500 சுற்றில் ஓட, கியர்பாக்ஸ் அதை 2.43-இல் ஒரு பங்காகக் குறைத்து புரொப்பெல்லருக்குக் கொடுக்கிறது. அதற்குள், திடீர் சுமை வந்தால் நழுவிக் காப்பாற்றும் ஓவர்லோட் கிளட்ச் இருக்கிறது. சாம்பல் நிறக் களிம்பாக மாறிய ஈயம் ஆயில் டேங்கின் அடியில் மட்டும் படிவதில்லை, கியர்பாக்ஸ் உள்ளேயும் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆயிலை வடித்தாலும் அது முழுக்க வெளியே வராது, டேங்கைக் கழற்றித் துடைத்துத்தான் எடுக்க வேண்டும். கியர்பாக்ஸில் படிந்ததை வெளியிலிருந்து பார்க்கவும் வழியில்லை.

ரோடாக்ஸே இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஈயமில்லாத எரிபொருளில் ஓடினால் 100 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றலாம். ஓடும் நேரத்தில் 30 சதவீதத்துக்கு மேல் ஈயம் உள்ள ஏவ்காஸ் என்றால் அது 50 ஆகக் குறைகிறது. முழுக்க ஏவ்காஸிலேயே ஓட்டுபவர்கள் 25 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது இன்னும் நல்லது. பிளக்கும் சீக்கிரம் போகும். முழு சிந்தெடிக் ஆயிலையும் போடக் கூடாது. அது ஈயத்தைத் தன்னுள் மிதக்க வைத்து வடிகட்டிவரை சுமந்து செல்லாது. ஆகவே பாதி சிந்தெடிக் வகைதான் சரி. இந்த வேலையையெல்லாம் செய்யப்போவது நம் கைகள்தான் என்பதையும் மறக்கக் கூடாது. ஈயம் கலந்த பழைய ஆயிலில் கைவைப்பதென்றால் கையுறை இல்லாமல் வேண்டாம்.

ஒரு வருடத்தில் 100 மணி பறப்பவருக்கு இது ஒரு ஆயில் மாற்றத்துக்கும் நான்குக்கும் உள்ள வித்தியாசம். என்ஜினை முழுக்கப் பிரித்துப் புதுப்பிக்கும் ஓவர்ஹால் காலமான 2,000 மணி நேரம்வரை இதை நீட்டிப் பாருங்கள். எரிபொருளின் விலையை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கைச் சேர்ப்பதில்லை. எனக்கு இதுவே தீர்மானமான காரணம்.

அந்த 30 சதவீத எல்லை நடைமுறையில் ரொம்ப வசதியானது. ஏவ்காஸும் பெட்ரோலும் எந்த விகிதத்திலும் கலக்கும். தூரப் பயணத்தில் வழியில் ஏவ்காஸ் ஊற்றினால் ஒன்றும் ஆகாது. வீட்டுக்கு வந்தபின் பெட்ரோலுக்குத் திரும்பிவிட்டால் மொத்தக் கணக்கில் ஈயத்தின் பங்கு குறைவாகவே இருக்கும். எப்போது எதை எவ்வளவு ஊற்றினோம் என்று பதிவேட்டில் எழுதி வைத்தால்தான் இந்தக் கணக்கு கைக்கு வரும்.

சரி, பெட்ரோலின் சிக்கல்களுக்கு வருவோம். முதலாவது எத்தனால். 10 சதவீதம் வரை எத்தனால் இருக்கலாம் என்று ரோடாக்ஸ் அனுமதிக்கிறது. பலர் அந்த வரியைப் படித்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். என்ஜின் தயாரிப்பாளர் பேசுவது என்ஜினுக்கு மட்டும்தான். டேங்க், குழாய், வால்வு, சீலன்ட் எல்லாவற்றுக்கும் தயாரிப்பாளர் அதைக் கட்டிய நாம்தான். ஃபைபர்கிளாஸ் டேங்கில் எந்த ரெசின் போட்டோம் என்பது நமக்குத்தான் தெரியும். சில ரெசின்களை எத்தனால் மெல்ல மெல்ல இளக்கும். பழைய உலோக டேங்குகளுக்குள் கசிவை அடைக்க ஊற்றிய பூச்சை உரித்துத் துண்டு துண்டாக வடிகட்டிக்கு அனுப்பும். பழைய ரப்பர் குழாய்களும் ஊறிப் போகும்.

தண்ணீர் விஷயம் இன்னும் மோசம். 10 சதவீத எத்தனால் உள்ள பெட்ரோல், 100 லிட்டருக்கு அரை லிட்டர் அளவு தண்ணீரைக் கண்ணுக்குத் தெரியாமல் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். மேலே ஏறிக் குளிர்ந்ததும் அந்தத் தண்ணீர் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு பிரிந்து அடியில் இறங்கிவிடும். என்ஜினுக்கு முதலில் போய்ச் சேர்வது அதுதான். மேலே மிஞ்சும் பெட்ரோலுக்கும் எத்தனால் கொடுத்த ஆக்டேன் போய்விட்டிருக்கும். இதே காரணத்தால், தண்ணீர் ஊற்றிக் குலுக்கி எத்தனாலைப் பிரித்தெடுத்துவிட்டு மீதியைப் பறக்கப் பயன்படுத்தும் வேலையும் வேண்டாம்.

'எத்தனால் இல்லை' என்ற பலகையை மட்டும் நான் நம்புவதில்லை. அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீர் ஊற்றி, அதன் மேல் 100 மில்லி பெட்ரோல் விட்டுக் குலுக்கி நிற்க வைக்கிறேன். அடியில் நிற்கும் தண்ணீரின் மட்டம் 10-இலேயே இருந்தால் சரி. ஏறியிருந்தால் எத்தனால் அதில் இறங்கியிருக்கிறது, அந்தக் கேன் காருக்குப் போகும். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் இதைச் செய்கிறேன்.

இரண்டாவது சிக்கல் வேப்பர் லாக், அதாவது எரிபொருள் குழாயிலேயே ஆவியாகி வழியை அடைப்பது. ஏவ்காஸின் ஆவியழுத்தம் 38 முதல் 49 கிலோபாஸ்கலுக்குள் கட்டுப்படுத்தப்பட்டது. கார் பெட்ரோலுக்கு அப்படி ஒரே வரம்பு கிடையாது. வெயில் காலக் கலவை 60-ஐ ஒட்டி இருக்கும். குளிர் நாடுகளில் குளிர்காலத்துக்கென்று வரும் கலவை 90-ஐயும் எட்டும். குளிர்காலத்தில் வாங்கிய பெட்ரோல் டேங்கில் மிச்சமிருக்க, திடீரென்று முதல் வெயில் நாள் வருகிறதே, அப்போதுதான் ஆபத்து அதிகம். குழாயில் குமிழி கட்டி, பம்ப் எரிபொருளுக்குப் பதில் ஆவியை இழுக்கும். இதற்காகத்தான் 912-க்கு டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைன் வைக்கச் சொல்கிறார்கள். இடத்தை மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடாதீர்கள். என்ஜின் மூடிக்குள் போகும் குழாய்களுக்கு வெப்ப உறையும், புகைபோக்கியிலிருந்து நல்ல இடைவெளியும் அவசியம்.

மூன்றாவது, பெட்ரோல் பழசாவது. லேசான பகுதிகள் ஆவியாகிப் போக, மீதி பிசுபிசுப்பாகி கார்புரேட்டர் கிண்ணத்தில் படியும். சில வாரங்களுக்கு மேல் பறக்க மாட்டோம் என்று தெரிந்தால் நான் பெட்ரோலை இறக்கிவிட்டு ஏவ்காஸ் நிரப்பி, அது கார்புரேட்டர்வரை வரும்படி சிறிது நேரம் என்ஜினை ஓட்டிவிட்டு நிறுத்துவேன். அப்புறம் கேன் விஷயம். பெட்ரோலைக் கேனில் நிரப்பும்போது கேன் தரையில் இருக்க வேண்டும், வண்டியின் பின்தட்டில் வைத்து நிரப்பக் கூடாது. விமானத்தில் ஊற்றும்போது புனல், கேன், விமானம் மூன்றையும் கம்பியால் இணைத்துக்கொள்ள வேண்டும். நிலைமின்சாரத்தால் தீப்பிடித்த சம்பவங்கள் நிஜமாகவே நடந்திருக்கின்றன.

இவ்வளவும் ரோடாக்ஸை வைத்துச் சொன்னது. உங்கள் விமானத்தில் லைகமிங் நிறுவனத்தின் என்ஜின் இருந்தால் என் பரிந்துரையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த என்ஜின்களில் ஈயம் வால்வு சீட்டுக்கு ஒரு மெத்தை மாதிரி இருக்கிறது. அமெரிக்காவின் நார்த் டகோட்டா பல்கலைக்கழகம் 2023-இல் தன் பயிற்சி விமானங்களை ஈயமில்லாத 94 யூஎல் ஏவ்காஸுக்கு மாற்றியது. சில மாதங்களிலேயே எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகள் தேய்வதைக் கண்டு 100 எல்எல்-க்கே திரும்பியது. எல்லா லைகமிங்குக்கும் இதே கதி என்று சொல்ல மாட்டேன். லைகமிங் நிறுவனத்தின் சர்வீஸ் இன்ஸ்ட்ரக்ஷன் 1070-இல் எந்த மாடலுக்கு எந்த எரிபொருள் என்று பட்டியலே இருக்கிறது, அதைப் பார்த்து முடிவெடுங்கள். இதற்கு நேர் எதிரான கதை கான்டினென்டல் நிறுவனத்தின் பழைய ஏ-65, சி-85 என்ஜின்கள். அவை 80-க்கும் குறைந்த ஆக்டேன் காலத்தில் பிறந்தவை. 100 எல்எல்-இன் ஈயம் அவற்றின் பிளக்குகளை அடைத்துத் தொல்லை தரும், தாழ்ந்த ஆக்டேன் பெட்ரோலே அவற்றுக்குப் போதும். ஜெட் எரிபொருளில் ஓடும் டீசல் என்ஜின்கள் கனத்தாலும் விலையாலும் இந்த அளவு விமானங்களுக்கு ஒத்துவராது என்பதால் அவற்றை விட்டுவிட்டேன்.

யூஎல் 91 போன்ற ஈயமில்லாத ஏவ்காஸ் உங்கள் ஓடுதளத்தில் கிடைத்தால், யோசிக்காமல் அதைப் போடுங்கள். ஈயமும் இல்லை, எத்தனாலும் இல்லை, ஆவியழுத்தமும் கட்டுக்குள். ரோடாக்ஸும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. எனக்கு அது அபூர்வமாகத்தான் கிடைத்திருக்கிறது, ஓட்டியவரை குறை எதுவும் தெரியவில்லை. 100 ஆக்டேன் ஈயமில்லா வகைகளில் காமி நிறுவனத்தின் ஜி100யூஎல்-க்கு 2022-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஒப்புதல் கொடுத்தது. பெயின்டும் டேங்க் சீலன்ட்டும் பாதிக்கப்படுவதாகச் சில உரிமையாளர்கள் சொல்கிறார்கள். நிறுவனம் அதை மறுக்கிறது. நான் அதைத் தொட்டதில்லை. டேங்கை நாமே ஒட்டிய விமானத்தில், அதே சீலன்ட்டின் சிறு துண்டு ஒன்றை அந்த எரிபொருளில் பல வாரம் ஊறப்போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுப்பேன்.

புதிதாகக் கட்டி முடித்தவர்களுக்கு ஒன்று. முதல் சில மணி நேரச் சோதனைப் பறப்பை ஏவ்காஸிலேயே முடியுங்கள். சந்தேகப்பட வேண்டிய விஷயங்கள் ஏற்கெனவே ஏராளமாக இருக்கும், வேப்பர் லாக்கையும் அதில் சேர்க்க வேண்டாம். அந்தக் கொஞ்ச நேர ஈயம் கியர்பாக்ஸை ஒன்றும் செய்யாது. பிறகு பெட்ரோலை நிரப்பி, நல்ல வெயில் நாளில் என்ஜினைச் சூடாக ஓட்டி நிறுத்துங்கள். கால் மணி நேரம் மூடிக்குள்ளேயே வேகவிட்டு மறுபடி கிளப்பி, விமானத்தைக் கட்டி வைத்து முழு வேகத்தில் இரண்டு நிமிடம் எரிபொருள் அழுத்தமானியைப் பாருங்கள். முள் 0.15 பார் என்ற அழுத்த அளவுக்குக் கீழே இறங்கினாலோ ஆடினாலோ, குழாயின் பாதையை மாற்றும்வரை பெட்ரோலில் தரையை விட்டுக் கிளம்பாதீர்கள்.