பாங்காக் டூருக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் எங்கே திரும்பினாலும் பாங்காக் பேக்கேஜ் நோட்டீஸ்தான். சம்பா அறுப்பு முடிந்து நெல் பணம் கைக்கு வரும் சமயத்தில் இன்னும் கூடும். "விசா, சாப்பாடு, கைடு எல்லாம் அடக்கம், திருச்சியில் ஏறினால் போதும்" என்பார்கள். கும்பகோணத்தில் அப்படி ஒரு ஆபீசில் பணம் கட்டித்தான் நானும் சித்தப்பா, சித்தியும் போய் வந்தோம். பெயரைப் போடவில்லை, செய்ததைச் சொல்கிறேன்.

எல்லாம் அடக்கம் என்றவர்கள், கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது விசாவுக்கு என்று ஆளுக்கு மூவாயிரம் கேட்டார்கள். 2023 நவம்பரிலிருந்தே இந்தியர்களை விசா இல்லாமல் சுற்றுலாவுக்கு விட ஆரம்பித்துவிட்டது தாய்லாந்து. நாங்கள் போனபோதும் அதுதான் நடைமுறை. அடுத்து 'அரைவல் கார்டு' (அந்த நாட்டுக்குள் நுழையும்முன் நிரப்பும் விவரப் படிவம்) என்று ஆளுக்கு ஆயிரம். 2025 மே 1 முதல் அதை ஆன்லைனில் நிரப்ப வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் தாய்லாந்து அரசின் தளத்தில் அதற்குக் காசே கிடையாது, செல்போனிலேயே நிரப்பிவிடலாம். இதெல்லாம் திருச்சி விமான நிலைய வரிசையில் முன்னால் நின்ற பையன் சொல்லித்தான் தெரிந்தது.

சரி, போனது போகட்டும் என்று பார்த்தால், அங்கே கைடு என்று வந்தவர் கிராண்ட் பேலஸ் அரண்மனை மதில் ஓரமாக வேனை நிறுத்தி, "பார்த்துவிட்டு வாங்க, பன்னிரண்டு மணிக்கு இங்கேயே" என்று இறக்கிவிட்டுப் போய்விட்டார். சுற்றிலும் சீனாக்காரர்கள், ஐரோப்பியர்கள், டூரிஸ்ட் பஸ், டுக்டுக் (நம்மூர் ஆட்டோ மாதிரி) சத்தம், தலையைப் பிளக்கிற வெயில். வாசல் எந்தப் பக்கம் என்றே புரியவில்லை. அப்போது இஸ்திரி போட்ட சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒருவர் வந்தார். சித்தப்பாவின் வேட்டியைப் பார்த்து "வணக்கம்" என்றார். இன்று பூஜை, அரண்மனை இரண்டு மணிக்குத்தான் திறக்கும், அதுவரை டுக்டுக்கில் மூன்று கோயில் பார்க்கலாம், இருபது பாட்தான் (பாட் என்பது அந்த நாட்டுப் பணம்) என்றார். சித்தப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

முதல் கோயில் சரி. இரண்டாவது 'கோயில்' ரத்தினக் கடை. குளிர்ந்த தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, நீலக்கல் மோதிரம் ஒன்றை வெல்வெட் துணியில் வைத்தார்கள். அரசாங்கத் தள்ளுபடி இன்றோடு முடிகிறதாம், இந்தியாவில் இரண்டு மடங்குக்கு விற்குமாம். சித்தி என் காதருகில், "ஏன்டா, இரண்டு மடங்குக்கு விற்கும்னா இவனே கொண்டுபோய் விற்க மாட்டானா?" என்றாள். கும்பகோணத்து நகைக்கடைகளில் பேரம் பேசிப் பழகியவளிடம் இந்த வித்தையெல்லாம் எடுபடுமா? எழுந்து வந்துவிட்டோம். வெளியே டுக்டுக்காரர் முகம் கறுத்துவிட்டது. ஆள் கொண்டுவந்து விட்டால் கடைகள் அவர்களுக்கு பெட்ரோல் கூப்பன் கொடுக்குமாம்.

பாங்காக்கில் பல காலமாக நடக்கிற நாடகம் இது. அரண்மனை திறந்தேதான் இருந்தது. காலை எட்டரைக்குத் திறந்து மாலை மூன்றரை வரை டிக்கெட் கொடுக்கிறார்கள், வெளிநாட்டவருக்கு 500 பாட். திறந்திருக்கிறதா என்பதை டிக்கெட் கவுன்டர் வரை போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தானாக வந்து உதவியவர்தான் எங்களை அலையவிட்டார். நாங்களாகப் போய் வழி கேட்ட பழக்கடை அம்மா, பாஷை தெரியாவிட்டாலும் கடையை விட்டுவிட்டு வந்து படகுத்துறை வரை காட்டிவிட்டுப் போனார். அந்த ஊரை நான் குறை சொல்ல மாட்டேன். அவசரம் என்றால் சுற்றுலா போலீஸ் எண் 1155.

என் கோபமெல்லாம் நம்மூர் ஆபீஸ் மேல்தான். மறுநாள் கைடே எங்களை இன்னொரு ரத்தினக் கடையில் இறக்கி, எல்லோரும் சுற்றி முடிக்கும் வரை வேனை எடுக்கவில்லை. நிகழ்ச்சி நிரலில் அதற்குப் பெயர் 'சிட்டி டூர்'. தென்னிந்தியச் சாப்பாடு என்றது பெரும்பாலும் ரொட்டியும் ஜாமும்தான்.

திரும்பி வந்து விசா பணத்தைக் கேட்டால், "அது சர்வீஸ் சார்ஜ் சார்" என்கிறார் ஆபீஸ்காரர். கையில் கொடுத்த சீட்டில் 'விசா' என்றுதான் எழுதியிருக்கிறது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தாயிற்று. பதில் வராவிட்டால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை. கும்பகோணத்தில் இப்படி விசா என்று எழுதிய சீட்டு வாங்கியவர்கள் வேறு யாராவது இருந்தால், அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே மனு கொடுக்கலாம்.