ஸ்ரீரங்கப்பட்டணம் ஒரு நாள் ட்ரிப், கைடு இல்லாம போகாதீங்க

போன ஞாயித்துக்கிழம பெங்களூர்ல இருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் போயிட்டு வந்தோம். நாங்க ரெண்டு பேரு, பசங்க ரெண்டு பேரு, காஞ்சிபுரத்துல இருந்து வந்திருந்த எங்க மாமனார். இதுவரைக்கும் மைசூர் போற வழியில அரை மணி நேரம் எறங்கி கும்பஸ், அதாவது திப்பு சமாதி மட்டும் எட்டிப் பார்த்துட்டு போயிருக்கோம், இந்த வாட்டி முழு நாளும் இங்கயேன்னு முடிவு பண்ணி தமிழ் பேசுற ஒரு கைடையும் வச்சுக்கிட்டோம். அவருக்கு குடுத்தது 800 ரூபா, தாராளமா குடுக்கலாம்.

அல்சூர்ல காலைல 6 மணிக்கு கெளம்பி, மத்தூர்ல வடையும் காபியும் முடிச்சுட்டு 9 மணி வாக்குல போய் சேர்ந்தோம். எல்லாரும் மொதல்ல கோட்டைக்குள்ள தான் போவாங்க, எங்க கைடு நேரா தரியா தௌலத்துக்கு கூட்டிட்டு போனாரு. ஏன்னு அப்போ புரியல. 1784ல திப்பு கட்டின தேக்குமர மாளிகை அது, மேக்கு பக்க சுவர் முழுக்க படம். அதுல ஒரு பெரிய போர்க்காட்சி, செவப்பு கோட்டு போட்ட கும்பினி (கிழக்கிந்திய கம்பெனி) சிப்பாய்ங்க சதுரமா நிக்கிறாங்க, நடுவுல பல்லக்குல காயம்பட்ட அவங்க தளபதி கர்னல் பெய்லி உக்காந்திருக்காரு, வெடிமருந்து வண்டி வெடிச்சு செதறுது. இது 1780 செப்டம்பர்ல திப்பு பக்கம் கும்பினிய ஜெயிச்ச பொள்ளிலூர் சண்டைன்னு கைடு சொன்னதும் மாமா, "ஏம்ப்பா, நம்ம புள்ளலூரா?"ன்னு கேட்டாரு. "ஆமா சார், காஞ்சிபுரம் பக்கம்தான்"னாரு. அந்த ஊர் வழியா எத்தனையோ தடவ பஸ்ல போனவரு மாமா, அவரு ஊர்ப்பக்கம் நடந்த சண்டைய காவேரிக்கரையில ஒரு சுவத்துல வரைஞ்சு வச்சிருக்காங்கன்னு தெரிஞ்சதும் அந்த எடத்த விட்டு நகரவே மாட்டேன்னுட்டாரு, குதிரைய ஒண்ணொண்ணா எண்ணிப் பார்த்தாரு.

அதுக்கப்புறம் தான் கோட்டை. பெய்லி ஜெயில்ல படி எறங்குனா தாழ்வான சுண்ணாம்பு கூரை, சுவத்துல நீட்டிக்கிட்டு நிக்கிற கல்லுல ஓட்டை, கைதிங்க கையை சங்கிலில கட்டினதுக்கு. சுவத்துல பல்லக்குல பார்த்த ஆளு 1782ல இந்த ஊர்லயே கைதியா செத்தாருன்னு கேட்டதும் என் பொண்ணு அந்த ஓட்டைக்குள்ள விரலை விட்டுப் பார்த்துட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல. அதே சண்டையில பிடிபட்ட இன்னொரு பிரிட்டிஷ் அதிகாரி டேவிட் பெயர்டு கிட்டத்தட்ட 4 வருஷம் இங்க அடைபட்டுக் கெடந்துட்டு, 1799 மே 4ம் தேதி கோட்டைய தாக்குன பிரிட்டிஷ் படைக்கு தலைமை தாங்கி திரும்பி வந்தாரு. மொதல்ல படம், அப்புறம் ஜெயில், அப்புறம் அந்த படை உள்ள புகுந்த, கோட்டைச் சுவர் ஒடஞ்ச எடம்னு அந்த வரிசைல பார்த்ததால பசங்களுக்கு கதை அப்படியே புடிபட்டுச்சு.

சுவர் ஒடஞ்ச எடத்துல ஒரு நினைவுத்தூண் இருக்கு. அங்க நின்னு ஆத்தைப் பாருங்க. நாங்க போனப்ப தண்ணி கம்மி, பாறையெல்லாம் வெளியில தெரிஞ்சுது. மே மாசத்துலயும் அப்படித்தான் இருந்திருக்கும், மழை வந்து காவேரி பெருகுறதுக்குள்ள கோட்டைய புடிச்சாகணும், அதான் பட்டப்பகல்ல மதியம் 1 மணிக்கு ஆத்துல எறங்கி வந்திருக்காங்க. என் பையன் "இந்த பாறை மேலயாம்மா ஓடி வந்தாங்க"ன்னு கேட்டான். பாடப் புத்தகத்துல ஒரு வரில முடிஞ்சு போறது அது.

அன்னிக்கு சண்டையில செத்த திப்புவோட உடல் கெடச்ச எடத்துல ஒரு சின்ன கல்லு மட்டும் தான். கைடு இல்லன்னா அதையும் தாண்டி நடந்து போயிருப்போம், எங்களுக்கு பின்னாடி வந்த ஒரு குடும்பம் அப்படித்தான் போச்சு. எனக்கு மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு, நாலு மொழில ஒரு நல்ல போர்டு வச்சா என்ன.

வாடகை வண்டி விஷயத்துல தான் கடுப்பு. பேரு வேணாம், டிரைவர் 12 மணிக்கே "இங்க பார்க்க ஒண்ணும் இல்ல மேடம், மைசூர் அரண்மனை போலாம்"னு ஆரம்பிச்சுட்டாரு, சாயங்காலம் வரைக்கும் விடல. புக் பண்ணும்போதே முழு நாளும் ஸ்ரீரங்கப்பட்டணம் மட்டும்னு எழுதி வாங்கிக்கோங்க.

கடைசியா கும்பஸ். திப்புவோட அப்பா ஹைதர் அலி, அவரு மனைவி, திப்பு மூணு பேரோட சமாதியும் அங்க, உள்சுவர் பூரா புலிக்கோடு. குடும்பத்துல மிச்சம் இருந்தவங்கள வேலூர் கோட்டைக்கு அனுப்பினாங்க, 1806 வேலூர் கலகம் அங்கதான் நடந்துச்சுன்னு கைடு சொன்னதும் மாமா அடுத்த லீவுக்கு வேலூர்ன்னுட்டாரு. ரங்கநாதர் கோயில் மதியம் நடை சாத்திடுவாங்க, நாங்க 4 மணிக்கு மேல போயி ஆதிரங்கனை சேவிச்சுட்டு கெளம்பினோம். தொப்பியும் தண்ணி பாட்டிலும் கட்டாயம், கோட்டைச் சுவர் மேல நெழலே கெடையாது.