மார்ஷல் சத்தம் கணினியில்: ஆம்ப்ளிட்யூபா, நியூரல் ஆம்ப் மாடலரா?

மார்ஷல் ஜேசிஎம்800 என்ற கிட்டார் ஆம்ப் மாதிரி கரகரப்பான ராக் ரிதம் வேண்டும். ஆனால் 100 வாட் ஆம்பையும் நாலு ஸ்பீக்கர் கேபினெட்டையும் அடுக்குமாடி வீட்டில் யார் வைப்பது? அதனால் மென்பொருள். இன்றைக்கு என் தேர்வு இரண்டுக்குள் வந்து நிற்கிறது: ஐகே மல்டிமீடியாவின் ஆம்ப்ளிட்யூப் 5, இலவசமாகக் கிடைக்கும் நியூரல் ஆம்ப் மாடலர்.

ஆம்ப்ளிட்யூபில் 'பிரிட் 8000' என்ற பெயரில் இருப்பது ஜேசிஎம்800தான். கெயின் (கரகரப்பின் அளவு), பாஸ், மிட், ட்ரெபிள், பிரசென்ஸ் (உச்சஸ்தாயியின் பளிச்) என்று எல்லாக் குமிழும் ஆம்பில் இருக்கிற மாதிரியே வேலை செய்யும். நியூரல் ஆம்ப் மாடலர் போகும் வழி வேறு. யாரோ ஒருவர் தன் நிஜ ஆம்புக்குள் ஒரு சோதனை ஒலியை அனுப்பி, வெளியே வந்ததைப் பதிவு செய்து, இரண்டையும் வைத்து ஒரு நியூரல் நெட்வொர்க்கைப் பழக்கியிருப்பார். நமக்குக் கிடைப்பது அந்தக் குமிழ் நிலைகளோடு உறைந்துபோன ஆம்ப், அதற்குப் பெயர் கேப்சர். அதில் தெரியும் பாஸ், மிடில், ட்ரெபிள் எல்லாம் பொதுவான ஈக்யூ (தொனியைக் கூட்டிக் குறைக்கும் வசதி). அந்த ஆம்பின் குமிழ்கள் இல்லை. கெயின் 5-ல் பிடித்த கேப்சரை 7-க்கு ஏற்ற முடியாது, 7-ல் பிடித்த இன்னொரு கேப்சரைத் தேட வேண்டியதுதான்.

கேட்டால் குறைதான். ஆனால் கைக்கு அடியில் உயிரோடு இருப்பது இதுதான் என்பது என் கட்சி. கிட்டாரின் வால்யூமை 6-க்கு இறக்கினால் கரகரப்பு மெல்ல விலகி, பவர் கார்டுக்குள் (ராக்கில் சேர்த்து வாசிக்கும் இரண்டு மூன்று ஸ்வரங்கள்) இருக்கும் ஒவ்வொரு ஸ்வரமும் தனியாகக் கேட்கிறது. ஆம்ப்ளிட்யூபிலும் சத்தம் தெளிகிறது, ஆனால் நடுவில் ஏதோ படக்கென்று மாறின மாதிரி எனக்குப் படும்.

ஒப்பிடும்போது ஒரு விஷயம்: இரண்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்துவிட்டுக் கேளுங்கள். கொஞ்சம் கூடுதல் சத்தமாக இருப்பது எப்போதும் நல்லதாகத் தோன்றிவிடும்.

சரி, கேபினெட். சத்தத்தில் பாதி இங்கேதான் முடிவாகிறது, ஆம்ப்ளிட்யூப் தெளிவாக ஜெயிப்பதும் இங்கேதான். திரையில் மைக்கை இழுத்து ஸ்பீக்கரின் நடுவிலிருந்து விளிம்பு பக்கம் நகர்த்தினால் காதைக் கீறும் உச்சஸ்தாயி அடங்கும். ட்ரெபிளைக் குறைத்தால் இதே பலன் வராது, சத்தம் மந்தமாகத்தான் ஆகும். நியூரல் ஆம்ப் மாடலரில் ஐஆர் கோப்பை, அதாவது கேபினெட்டும் மைக்கும் தரும் ஒலித்தன்மையைப் பிடித்து வைத்த கோப்பை, நாமே தேடி ஏற்ற வேண்டும். கேப்சர் வெறும் ஆம்பா, கேபினெட்டும் சேர்த்ததா என்று பார்க்காமல் போட்டால் சிக்கல். வெறும் ஆம்புக்கு ஐஆர் போடாவிட்டால் தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட சத்தம். ஏற்கெனவே கேபினெட் உள்ளதற்கு மேல் இன்னொன்றைப் போட்டால் போர்வை மூடிய சத்தம்.

பாம் மியூட் (உள்ளங்கை ஓரத்தால் கம்பியை லேசாக அமுக்கி வாசிப்பது) கொழகொழவென்று வந்தால் கெயினை ஏற்றாதீர்கள், இறக்குங்கள். முன்னால் ஒரு டியூப் ஸ்க்ரீமர் (கரகரப்பூட்டும் ஓவர்டிரைவ் பெடல்) வையுங்கள்: டிரைவ் பூஜ்யம், லெவல் முழுக்க, டோன் நடுவில். அது ஆம்புக்குள் போகும் முன்பே அடித்தொனியைக் கழித்துவிடுவதால் தாழ்ந்த ஈ ஸ்ட்ரிங் 'டக் டக்'கென்று விழும். ஆம்ப்ளிட்யூபில் அந்த வகைப் பெடல் உள்ளேயே இருக்கிறது. மற்றதில் தனி பிளகினாக முன்னால் போட வேண்டும்.

பழைய லேப்டாப் என்றால் நியூரல் ஆம்ப் மாடலரில் 'ஸ்டாண்டர்டு'க்குப் பதில் 'ஃபெதர்' அல்லது 'நானோ' அளவு கேப்சர்கள் சுமையைக் குறைக்கும். பஃபர் (கணினி ஒரு தடவைக்குக் கையாளும் ஒலித் துண்டு) 128 சாம்பிள், சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் அந்த பஃபரால் வரும் தாமதம் 2.7 மில்லிசெகண்ட்தான். உள்ளே போக ஒரு முறை, வெளியே வர ஒரு முறை என்று கூட்டினாலும் விரலுக்குப் பெரிதாகத் தெரியாது.

குமிழைத் திருகித் திருகி ஆம்ப் எப்படி நடந்துகொள்கிறது என்று கற்க நினைப்பவருக்கு ஆம்ப்ளிட்யூப். இலவசப் பதிப்பும் உண்டு, அதில் தொடங்கலாம். ஒரே ஒரு நல்ல ரிதம் சத்தம் கிடைத்தால் போதும், பாட்டைப் பதிவு செய்ய வேண்டும் என்பவருக்கு மற்றது. நான் அந்தக் கூட்டம். எதை எடுத்தாலும், கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேசில் 'இன்ஸ்ட்' (இன்ஸ்ட்ருமென்ட்) பொத்தானை அழுத்திவிட்டு ஆரம்பியுங்கள். லைன் இன்புட்டில் செருகிய கிட்டார் எந்த மென்பொருளிலும் சோகையாகத்தான் ஒலிக்கும்.