இரண்டடித் தொட்டியில் யாரைக் குடிவைப்பது?

கோலாலம்பூர் அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில் இடிக்காமல் அடங்குவது இரண்டடி மீன் தொட்டிதான். நீளம் 60 செ.மீ., அகலம் 30, உயரம் 36. காகிதத்தில் 65 லிட்டர். மணலும் கல்லும் போட்டு, விளிம்புக்குக் கீழே நான்கு விரல் விட்டுப் பார்த்தால் 50 லிட்டர் நிற்பதே சந்தேகம். இதில் இருபது மீன் விடலாமா என்று கேட்டால் கடைக்காரர் "போலே, போலே" (விடலாம், விடலாம்) என்று மலாயில் சொல்லித் தலையாட்டுவார். வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஓர் அங்குல மீனுக்கு ஒரு கேலன் (ஏறக்குறைய 3.8 லிட்டர்) தண்ணீர் என்பது பழைய கணக்கு. அதன்படி இந்தத் தொட்டி, எல்லா மீன்களின் நீளத்தையும் கூட்டினால் 13 அங்குலம் வரை தாங்கும். நீர்ப்பரப்பை வைத்துப் போடும் இன்னொரு கணக்கில், 12 சதுர அங்குலத்துக்கு ஓர் அங்குல மீன் என்றால், 24 அங்குலம் வரை போகலாம். ஒரே தொட்டிக்கு இரண்டு விடை! இரண்டுமே மீனின் பருமனைப் பார்ப்பதில்லை. நீளம் பத்து மடங்கானால் உடல் எடை ஏறத்தாழ ஆயிரம் மடங்காகும். பத்து அங்குல மீன் ஒன்றும் ஓர் அங்குல மீன் பத்தும் எப்படிச் சமமாகும்? நம் ஊர் வெப்பத்தையும் அவை பார்ப்பதில்லை. 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். குளிர்சாதனம் இல்லாத அறையில் தொட்டி 28, 29 டிகிரியில்தான் இருக்கும். ஆகவே நான் சின்னக் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன், அதுவும் மீன் வளர்ந்து முடிந்த பிறகான அளவை வைத்து.

தங்கமீனை முதலில் கழித்துவிடலாம். கடையில் இரண்டு அங்குலத்தில் கொழுகொழுவென்று இருக்கும் ஒராண்டா வகைத் தங்கமீன், நன்றாக வளர்த்தால் 15 செ.மீ.க்கு மேல் போகும். குளிர்ந்த நீருக்குப் பழகிய இனம்; சூட்டில் பசி கூடும், கழிவும் கூடும். இரண்டடித் தொட்டியில் ஒன்றே நெருக்கம். அழகை நான் மறுக்கவில்லை. நான்கடித் தொட்டி வைக்க இடம் இருப்பவர்களுக்கான மீன் அது.

கப்பி பிள்ளைகளுக்குப் பிடிக்கும், விலையும் மலிவு. ஆனால் ஆணும் பெண்ணுமாக வாங்கினால் கணக்கு கையை விட்டுப் போய்விடும். ஒரு பெண் கப்பி ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு முறை இருபது, முப்பது குஞ்சுகள் போடும். ஒருமுறை சேர்ந்த ஆணின் விந்தை மாதக்கணக்கில் உடலில் தேக்கி வைத்துக்கொள்ளும் என்பதால், பெண்ணை மட்டும் வாங்கினாலும் தப்பிக்க முடியாது. கப்பிதான் வேண்டும் என்றால் ஆண்களாக எட்டு வாங்குங்கள். வாலும் நிறமும் அவற்றுக்குத்தானே!

என் ஓட்டு ஹார்லிகுவின் ரஸ்போராவுக்கு. செம்பு நிற உடல், பின்பாதியில் கறுப்பு முக்கோணம், வளர்ந்தாலும் 4, 5 செ.மீ.தான். மலாய்த் தீபகற்பத்தின் சதுப்பு நில ஓடைகளில், தேநீர் நிறத் தண்ணீரில் பிறந்த இந்த மண்ணின் மீன். நம் வெப்பம் அதற்குச் சுமையே இல்லை. பெண் மீன் தலைகீழாகத் திரும்பி, அகன்ற இலையின் அடிப்பக்கத்தில் முட்டைகளை ஒட்டும். பெற்றவையே அவற்றைத் தின்றுவிடுவதால் தொட்டியில் கூட்டம் பெருகாது. கொடுமைதான், இடநெருக்கடிக்கு நல்லது. எட்டுக்குக் குறைந்தால் மிரண்டு மூலையில் ஒதுங்கும். எட்டோ பத்தோ இருந்தால் ஒன்றாகத் திரும்பும், அந்தக் கணத்தில் செம்பு மொத்தமும் மின்னும். 13 அங்குலக் கணக்கை எட்டே கொஞ்சம் மீறும். ஆனால் இவ்வளவு சிறிய உடலுக்கு, செடியும் வாராவாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றமும் இருந்தால், அது பரவாயில்லை.

சண்டை மீனுக்கு இந்தத் தொட்டி அரண்மனை. மேலே வந்து காற்றையே சுவாசிக்கும் உறுப்பு இருப்பதால் பாட்டிலில் உயிர் பிழைக்கிறது, அவ்வளவுதான். அதை வாழ்வு என்று சொல்ல மாட்டேன். ஒன்று போதும்.

இனி, அழையாமல் வரும் பண்டாராயா மீன், அதாவது வாயால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் சக்கர் மீன். பாசி தின்று தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விரல் நீளத்தில் விற்பார்கள். அது ஓர் அடிக்கு மேல் வளரும். தின்பதை விடக் கழிப்பது அதிகமோ என்று தோன்றும். வீட்டுக்கு அடங்காததை ஆற்றில் விட்டுவிட்டுத்தான் லங்காட் ஆறு அவதிப்படுகிறது. கண்ணாடிப் பாசிக்கு ஒரு ஸ்பாஞ்ச் போதும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தத் தேர்வுக்கு இன்னொரு சோதனை உண்டு: தண்ணீர்த் தடை. 2020 செப்டம்பரில் ராவாங் பக்கம் சுங்கை கோங் மாசுபட்டபோது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் குழாய் வறண்டது. வாளித் தண்ணீர் சமையலுக்கே போதாத நாளில் மீனுக்கு எங்கே போவது? ரஸ்போரா தொட்டியில் மூன்று நாள் தீனியை நிறுத்தினால் ஒன்றும் ஆகாது. மூன்று தங்கமீன் அடைந்து கிடக்கும் தொட்டியில் வடிகட்டி திணற, கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியா ஏறும்.

எதை எடுத்தாலும் ஒரே நாளில் நிரப்ப வேண்டாம். வடிகட்டியில் இந்த நச்சை முறிக்கும் நல்ல பாக்டீரியா ஊன்ற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று சோதனைத் துளிகள் காட்டிய பிறகு ஐந்து ரஸ்போரா, இரண்டு வாரம் கழித்து மீதி. தொட்டிக்கு மூடி இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். இந்த மீன் துள்ளும்.