கெசல்கமு ஓயாக் கரையில் ஒரு கெபின்: எட்டு ஆண்டு வாடகை அனுபவம்

இலங்கை மலைநாட்டில் நோர்வூட்டுக்குக் கீழே, கெசல்கமு ஓயா ஆறு காசல்ரீ நீர்த்தேக்கத்தில் கலப்பதற்குச் சற்று முன்பாக, ஆற்றை ஒட்டிய எங்கள் சிறு காணியில் 2016ஆம் ஆண்டு இரண்டு அறைகள் கொண்ட பலகைக் கெபின் ஒன்றைக் கட்டி வாடகைக்கு விடத் தொடங்கினேன். ஆற்றோரக் காணி வைத்திருக்கும் சிலர் அவ்வப்போது வந்து விசாரிப்பதால், எட்டு ஆண்டுகளில் கண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு விளம்பரப் பலகையிலேயே நடந்தது. "வேட்டைக்கும் மீன்பிடிக்கும் உகந்த ஆற்றங்கரைக் கெபின்" என்று எழுதி வைத்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாய்களை ஏவி மரை என்னும் பெரிய மானை வேட்டையாடிய ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கரின் பெயர் ஹோர்ட்டன் சமவெளி அருவியொன்றுக்கு இன்றும் இருக்கிறது. அந்தத் துரைமார் காலத்து வாசனை கொஞ்சம் வீசட்டும் என்பதுதான் என் எண்ணம். ஆனால் தொலைபேசியில் வந்த கேள்விகள் வேறு மாதிரி இருந்தன. "அண்ணே, துவக்கு நாங்களே கொண்டு வாறோம், காட்டுக்குள்ள கூட்டிப்போக ஆள் கிடைக்குமா?" என்று ஒரு தம்பி கேட்டபோதுதான் விளையாட்டாக எழுதிய சொல்லின் பாரம் புரிந்தது. மரையைக் கொல்வது 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். அதற்கு இடம் கொடுத்தவன் என்று என் பெயரும் வழக்கில் ஏறியிருக்கும். 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பக்கத்தில் கம்பிச் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை, சில நாட்களில் இறந்துபோன செய்தி வந்த வாரத்திலேயே அந்தச் சொல்லின் மேல் சாயம் பூசினேன். வார இறுதிக் கூட்டம் குறைந்தது உண்மை. உடைந்த கண்ணாடிகளின் எண்ணிக்கையும் சேர்ந்தே குறைந்தது.

மீன்பிடிக்க வருபவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது, இங்கே டிரவுட் கிடைக்காது என்பதுதான். 1880களில் வெள்ளையர்கள் கொண்டுவந்து விட்ட அந்த மீனுக்கு மிகக் குளிர்ந்த ஓடைநீர் வேண்டும். எங்கள் பக்கத்தில் அகப்படுவது கார்ப்பும், ஊரார் ஜப்பான் மீன் என்று சொல்லும் திலாப்பியாவும்தான். மண்புழுவும் பாண் உருண்டையும் போதும். சனவரி முதல் மார்ச் வரை நீர் தெளிந்திருக்கும்போது நல்ல பலன் உண்டு, ஆனால் மேலே பொகவந்தலாவைப் பக்கம் களவாக மாணிக்கக்கல் தோண்டத் தொடங்கிவிட்டால், வெயில் காய்கிற நாளிலும் ஆறு தேநீர் நிறத்தில் ஓடும், தூண்டிலோடு வந்தவர் முழுநாளும் தக்கையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இதை முன்கூட்டியே சொல்லாத ஆண்டில் இரண்டு முறை பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது முந்திய நாள் மாலை ஆற்றைப் படம் பிடித்து விருந்தினருக்கு அனுப்பிவிடுகிறேன். மீண்டும் மீண்டும் வருகிற குடும்பங்கள் அந்தப் படத்தை நம்பித்தான் வருகின்றன.

நிறம் மாறுவது வேறொன்றுக்கும் அறிகுறி. மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால், எங்கள் முற்றத்தில் ஒரு துளி விழாதபோதும் மேலே பெய்த மழை சீக்கிரமே இங்கே வந்து சேரும். ஒரு சனிக்கிழமை, பாறையில் வைத்திருந்த பைகளும் சமையல் பாத்திரமும் விருந்தினரின் கண் முன்னே போயின. ஆட்கள் அப்போதுதான் சாப்பிடக் கரையேறியிருந்தார்கள். அதற்குப் பிறகு படிக்கட்டின் ஐந்தாம் படியில் சிவப்புக் கோடு போட்டு, நீர் அதைத் தொட்டால் யாரும் கீழே இறங்கக் கூடாது என்று சாவி கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் என் மைத்துனர் அங்கேயே இருப்பார். அவருடைய சம்பளத்தைச் செலவுக் கணக்கில் சேர்க்காமல் வாடகையை நிர்ணயிப்பவர் நட்டப்படுவார்.

கட்டடத்தைப் பற்றிச் சொல்வதென்றால், ஆற்றைப் பார்த்த சுவரை யூகலிப்டஸ் பலகையில் அமைத்தது அழகுக்காகச் செய்த பிழை. மூன்றாம் மழைக்காலத்தில் அடிப்பலகை உளுத்துவிட்டதால் இடுப்பளவுக்குக் கருங்கல் கட்டினேன். மெத்தைகள் ஈரம் குடிக்கின்றன. மீனைக் குளியலறையில் வெட்டிக் கழுவியதால் வந்த வாடையை, வெளியே ஒரு சிமெந்து மேடையும் குழாயும் வைத்த பிறகே ஒழிக்க முடிந்தது. அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் வாசலிலேயே இருக்கும்.

வருமானத்தை மட்டும் பார்த்தால் இது ஒரு குடும்பத்தைத் தாங்கும் தொழில் அல்ல. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பின்னரும், 2020 முடக்கத்திலும், பெற்றோலுக்கு வரிசையில் நின்ற 2022இலும் கெபின் பூட்டியே கிடந்தது. திசம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் வரை நீளும் சிவனொளிபாதமலைப் பருவத்தில் யாத்திரிகர்கள் ஓர் இரவு தங்கிப்போவதால்தான் பராமரிப்புச் செலவு தேறுகிறது. அவர்களில் ஒருவரும் தூண்டில் கேட்பதில்லை, வெந்நீர்தான் கேட்கிறார்கள். இந்தப் பருவத்துக்கு முன் பெரிய வெந்நீர்த் தாங்கி ஒன்று பொருத்த வேண்டும்.