எஸ்டிஎம்32 ஆய்வகத்துக்கு எந்தக் கனெக்டர்?

எஸ்டிஎம்32 என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப்பில், எஸ்டபிள்யூடி என்ற இணைப்பு வழியாகப் புரோகிராம் ஏற்ற மூன்று கம்பி போதும்: டேட்டா, கிளாக், கிரவுண்ட். ரீசெட்டும் இருந்தால் நல்லது. மூன்றுதானே என்று எங்கள் ஆய்வகத்தில் முதலில் ஜம்பர் வயரையே நம்பினோம். வீட்டு மேஜையில் ஒருவர் செய்து பார்க்க அது சரி. இருபது பேர் மாற்றி மாற்றிச் செருகும் இடத்தில் முனையிலுள்ள சின்ன உலோகக் கவ்வி சீக்கிரமே தளர்ந்துவிடுகிறது. போர்டு தென்படவில்லை என்று திரையில் வரும். மாணவரோ தன் கோடில் தப்பு தேடிக்கொண்டிருப்பார்.

கணினியிலிருந்து சிப்புக்குப் புரோகிராமை ஏற்றும் கருவிதான் புரோகிராமர். அதில், விரல் நீள மலிவு ஸ்டிக்கா, சிப் தயாரிப்பாளரின் அசல் எஸ்டி-லிங்க் வி2வா என்ற கேள்வி உண்டு. ஸ்டிக் வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அச்சு அசலாக ஒன்றுபோல் தெரியும் இரண்டு ஸ்டிக்குகளில் பின்களின் (இணைப்பு ஊசிகளின்) வரிசை வேறாக இருக்கலாம். பழக்கத்தில் செருகினால் டேட்டா போக வேண்டிய இடத்தில் 5 வோல்ட் போய்விடும். ஒவ்வொரு முறையும் மேலே அச்சிட்டிருப்பதைப் படித்தே ஆக வேண்டும். இன்னொரு வித்தியாசம்: ஸ்டிக்கின் 3.3 வோல்ட் பின் போர்டுக்கு மின்சாரம் தரும். அசலின் 20 பின் கனெக்டரில் முதல் பின் போர்டின் மின்னழுத்தத்தை உணர மட்டுமே. எனவே போர்டுக்குத் தனியாகப் பவர் கொடுக்க வேண்டும். ஸ்டிக்கிலிருந்து மாறுபவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

செலவு இடித்தால் நியூக்ளியோ-64 என்ற எஸ்டிஎம்32 பயிற்சிப் போர்டை வாங்கலாம். எஸ்டி-லிங்க் அதிலேயே இருக்கிறது. பல நியூக்ளியோ-64களில், சிஎன்2 என்று குறித்த இடத்திலுள்ள இரண்டு ஜம்பர்களை (பின்களை இணைக்கும் சின்ன மூடிகளை) கழற்றினால் வெளிப் போர்டுக்கும் உதவும். ஆனால் அதன் ஆறு பின் வரிசையில் திருப்பிச் செருகுவதைத் தடுக்க எதுவும் இல்லை.

போர்டுப் பக்கம் என் தேர்வு, பின்களைச் சுற்றிச் சுவர் உள்ள 20 பின் பாக்ஸ் ஹெடர். 3 செ.மீ.க்கு மேல் இடம் பிடிக்கும், உண்மைதான். ஆனால் பின்களுக்கு இடையே 2.54 மி.மீ. இருப்பதால் புதிதாகச் சால்டர் செய்பவருக்கும் கை வரும். பக்கச் சுவரிலுள்ள வெட்டு, கேபிளைத் தலைகீழாகச் செருக விடாது. 1.27 மி.மீ. இடைவெளியுள்ள 10 பின் கச்சிதமானது. ஆனால் சால்டர் செய்த அப்புறம் பக்கத்துப் பின்கள் ஈயத்தால் ஒட்டிக்கொண்டதைப் பிரிக்க உட்கார வேண்டும்.

டேக்-கனெக்ட் போன்ற போகோ பின் (ஸ்பிரிங் வைத்த ஊசி) கேபிளுக்குப் போர்டில் எந்தப் பாகமும் வேண்டாம், வெறும் பேடுகளும் (உலோகத் தடங்களும்) துளைகளும் போதும். ஐம்பது போர்டுகளுக்கு வரிசையாக ஏற்ற அதுதான் சுகம். மணிக்கணக்கில் டீபக் செய்ய (கோடின் தவறுகளைத் தேட), போர்டின் துளைகளில் கவ்வும் கால் இல்லாத வகையை வாங்காதீர்கள். கிளிப் போடாவிட்டால் கையால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கால் உள்ளது தானே கவ்விக்கொள்ளும்.

பாக்ஸ் ஹெடர் வாங்கும்போது வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். கழற்றும்போது ரிப்பனை இழுக்காமல் கனெக்டரின் தலையைப் பிடித்து நேராக மேலே எடுங்கள்.